முதல் புல் ரிக்வெஸ்ட்: ஃபோர்க்கிலிருந்து மெர்ஜ் வரை முழுமையான வழிகாட்டி

பினாங்கு கெலுகோரில் ஒரு நண்பர் வீட்டு முன்கூடத்தில், சனிக்கிழமை காலைகளில் ஐந்தாறு பேர் மடிக்கணினியோடு உட்காருகிறோம். பல்கலைக்கழக மாணவர்கள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வருபவர்கள். எல்லாருக்கும் நிரல் எழுதத் தெரியும். ஆனாலும் ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றுக்கு முதல் மாற்றத்தை அனுப்பும்போது ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடங்களில் இடறுகிறார்கள். அந்த இடங்களில் பெரும்பாலானவை நிரலுக்கு வெளியே இருக்கின்றன.

வரிசைதான் காரணம். ஆர்வத்தில் முதலில் நிரலைத் திருத்திவிடுகிறார்கள். பெயர், மின்னஞ்சல், கிளை (பிராஞ்ச், அதாவது தனி வேலைப் பாதை), டெஸ்ட் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் 'பிறகு' என்பது பல நேரம் கமிட் (பதிந்த மாற்றம்) வரலாற்றையே திருத்தி எழுதும் வேலையாகிவிடும். அதனால் இந்த வழிகாட்டியின் பாதி, ஒரு வரி நிரல்கூட எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை பற்றியது.

கட்டளைகளை, மேசையில் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்வதுபோல் தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். 'டேஷ்' என்றால் ஒற்றைக் கோடு, 'டேஷ் டேஷ்' என்றால் இரட்டைக் கோடு. கிட் திட்டங்கள் இருக்கும் கிட்ஹப் தளத்தை வைத்துச் சொல்கிறேன். 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று திட்டத்தைக் கேட்பது புல் ரிக்வெஸ்ட், அவர்கள் சேர்த்துக்கொள்வது மெர்ஜ். கிட்லேப்பில் புல் ரிக்வெஸ்டுக்கு மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்று பெயர், வரிசை இதேதான்.

1. பெயர், மின்னஞ்சல், உரிமை

கிட்டை நிறுவியதும் அதற்கு உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் சொல்ல வேண்டும். கிட் கான்ஃபிக் டேஷ் டேஷ் குளோபல் யூசர் டாட் நேம், பிறகு யூசர் டாட் ஈமெயில். ஒவ்வொரு கமிட்டிலும் இவை பதிவாகும். மாற்றம் மெர்ஜ் ஆனபின் அந்தப் பதிவு மற்றவர்களின் குளோன்களுக்கெல்லாம், அதாவது அவர்கள் கணினியில் உள்ள பிரதிகளுக்கெல்லாம், போய்விடும். திரும்பப் பெற வழியில்லை.

பெயரை எப்படி எழுதுவது என்பது நமக்கு உண்மையான கேள்வி. அடையாள அட்டையில் உள்ளபடி ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) சேர்த்தா, கூப்பிடும் பெயர் மட்டுமா? எதுவானாலும் சரி, எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். சில திட்டங்கள் ஒவ்வொரு கமிட்டின் அடியிலும் 'சைண்டு ஆஃப் பை' என்ற கையொப்ப வரியைக் கேட்கும். 'இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு' என்ற உறுதிமொழி அது. டி.சி.ஓ. (டெவலப்பர் சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்) என்பார்கள். எங்களோடு உட்காரும் ஒரு தம்பி அந்த வரியைக் கையால் தட்டினார், ஏ/எல் சேர்த்து. கிட் கான்ஃபிக்கில் ஏ/எல் இல்லை. சரிபார்க்கும் தானியங்கி நிரலுக்கு இரண்டும் வேறு வேறு ஆள், சிவப்புக் காட்டிவிட்டது. கையால் தட்டாதீர்கள். கிட் கமிட் டேஷ் எஸ் என்றால் கான்ஃபிக்கில் உள்ள பெயரையே கிட் எடுத்துப் போட்டுவிடும்.

மின்னஞ்சலைப் பொதுவில் காட்ட விருப்பமில்லையென்றால், கிட்ஹப்பின் ஈமெயில் அமைப்புப் பக்கத்தில் 'நோ ரிப்ளை' முகவரி ஒன்று கிடைக்கும். அதைக் கான்ஃபிக்கில் போடுங்கள். அதே பக்கத்தில், சொந்த மின்னஞ்சல் வெளியே தெரியும் புஷ்களை (தளத்துக்குக் கமிட்களை அனுப்புவதை) தடுக்கும் வசதியும் உண்டு. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

வேலையில் இருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கம்பெனி மடிக்கணினியின் குளோபல் கான்ஃபிக்கில் கம்பெனி மின்னஞ்சல் இருக்கும். கவனிக்காமல் கமிட் செய்தால் உங்கள் சொந்த முயற்சி கம்பெனி முகவரியில் வெளியே போகும். அதைவிடப் பெரியது உரிமை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 26ஆம் பிரிவில், வேலையின் அங்கமாக உருவான படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதபோது, முதலாளிக்குப் போனதாகவே கொள்கிறது. கையொப்ப வரியில் 'எனக்கு உரிமை உண்டு' என்று எழுதும் முன் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சொந்தக் கணினி, சொந்த நேரம் என்று பிரித்து வைத்துக்கொள்வது எல்லாருக்கும் நல்லது.

2. கணக்கும் சாவியும்

கிட்ஹப் 2023இலிருந்து நிரல் பங்களிப்பவர்களுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறது. அதை இயக்கும்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்காதீர்கள். தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். கைப்பேசி தொலைந்தால்தானே அவை தேவைப்படும்?

2021 ஆகஸ்ட் 13 முதல் கட்டளை வரியிலிருந்து கணக்குக் கடவுச்சொல்லால் புஷ் செய்ய முடியாது. பழைய காணொளிகளைப் பார்த்து வருபவர்கள் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பார்கள். கடவுச்சொல்லுக்குப் பதில் உங்களை அடையாளம் காட்டும் எஸ்.எஸ்.எச். சாவி ஒன்றை உருவாக்குங்கள்: எஸ்எஸ்எச் கீஜென் டேஷ் டி ('டைப்' என்பதன் டி), பிறகு சாவியின் வகையான ஈடி25519. இரண்டு கோப்புகள் வரும். 'டாட் பப்' என்று முடிவதுதான் கிட்ஹப்பில் ஒட்ட வேண்டியது. மற்றது உங்கள் கணினியை விட்டு எங்கேயும் போகக்கூடாது. இரண்டையும் மாற்றி ஒட்டப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் அந்தச் சாவியை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்யுங்கள்.

எஸ்எஸ்எச் டேஷ், அதே எழுத்தின் பெரிய டி போட்டுக் கிட்ஹப்போடு இணைப்பைச் சோதித்துப் பாருங்கள். 'வெற்றிகரமாக அடையாளம் காணப்பட்டது, ஆனால் ஷெல் வசதி இல்லை' என்ற பொருளில் ஒரு வரி வரும். "அண்ணே, உள்ளுக்கு விடமாட்டேங்குதே" என்று ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் இந்த இடத்தில் சொல்வார். அந்த வரியின் தொடக்கத்தில் உங்கள் பயனர் பெயர் இருந்தால் எல்லாம் சரி. ஷெல் இல்லை என்பது எல்லாருக்கும் பொதுவான பதில்.

சில வளாக, அலுவலக வைஃபைகள் 22ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருக்கும். இணைப்பு அப்படியே தொங்கி நின்றால் சாவியைச் சந்தேகிக்காதீர்கள். கிட்ஹப் அதே எஸ்.எஸ்.எச். சேவையை 443ஆம் போர்ட்டிலும் தருகிறது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முயன்றால் எங்கே அடைப்பு என்று தெரிந்துவிடும்.

3. வாசல் எந்தப் பக்கம்?

எல்லாத் திட்டங்களும் புல் ரிக்வெஸ்ட் வாங்குவதில்லை. லினக்ஸ் கெர்னல் மின்னஞ்சலில் பேட்ச் வாங்குகிறது. லிப்ரே ஆபிஸ் கெரிட் என்ற கருவியில் வாங்குகிறது. இரண்டுக்கும் கிட்ஹப்பில் நகல் ரெப்போ (நிரல் களஞ்சியம்) உண்டு. அந்த நகலைப் பார்த்து ஃபோர்க் (உங்கள் கணக்கில் ஒரு பிரதி) எடுத்து ஒரு வாரம் உழைத்தால், கொண்டுபோய்க் கொடுக்க இடமிருக்காது.

ஆகவே ஃபோர்க் பொத்தானைத் தொடும் முன் மூன்று கோப்புகளைத் தேடுங்கள்: ரீட்மீ, கான்ட்ரிபியூட்டிங், லைசென்ஸ். கான்ட்ரிபியூட்டிங் கோப்பில் எந்தக் கிளைக்கு அனுப்புவது, கையொப்ப வரி வேண்டுமா, டெஸ்டை எப்படி ஓட்டுவது எல்லாம் இருக்கும். லைசென்ஸ் கோப்பே இல்லாத ரெப்போ கண்ணுக்குத் தெரிந்தாலும் திறந்தது அல்ல. அதை மாற்றவோ பகிரவோ யாரும் அனுமதி தரவில்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி அந்தத் திட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள். ஜென்டூ என்ற லினக்ஸ் வெளியீடு 2024இல் அப்படி உருவான பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று முடிவு செய்தது. வேறு சில திட்டங்கள் வெளிப்படையாகச் சொன்னால் போதும் என்கின்றன. விதி எதுவானாலும், உங்களால் வரிக்கு வரி விளக்க முடியாத நிரலை அனுப்பாதீர்கள். ரிவ்யூ செய்பவர் முதல் கேள்வி கேட்டதுமே அது வெளிப்பட்டுவிடும்.

4. ஃபோர்க், குளோன், இரண்டு ரிமோட்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்: உங்கள் கணினியில் இருக்கும் மெயின் கிளை உங்களுடையது அல்ல. அது மூலத் திட்டத்தின் கண்ணாடி. அதில் நீங்கள் எதுவும் எழுதக்கூடாது.

கிட்ஹப்பில் ஃபோர்க் எடுத்தால் மூல ரெப்போவின் பிரதி ஒன்று உங்கள் கணக்கில் வரும். அந்தப் பிரதியைக் குளோன் செய்யுங்கள். முகவரியை எடுக்கும்போது எஸ்.எஸ்.எச். தாவலில் இருப்பதை எடுங்கள். இல்லையென்றால் நீங்கள் செய்து வைத்த சாவிக்கு வேலையே இருக்காது.

விண்டோஸில் டபிள்யூ.எஸ்.எல். (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வைத்திருப்பவர்கள் லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறைக்குள் குளோன் செய்யுங்கள். சி டிரைவில் வைத்து லினக்ஸிலிருந்து எட்டிப் பார்த்தால் கிட்டும் டெஸ்டும் ஊர்ந்து ஊர்ந்து ஓடும்.

குளோன் ஆனதும் உங்கள் ஃபோர்க்குக்கு 'ஆரிஜின்' என்ற பெயர் தானாக வந்துவிடும். மூல ரெப்போவை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்: கிட் ரிமோட் ஆட் அப்ஸ்ட்ரீம், பிறகு மூல ரெப்போவின் முகவரி. கிட் ரிமோட் டேஷ் வி என்று பார்த்தால் நான்கு வரிகள் தெரிய வேண்டும். ஆரிஜின் வரிகளில் உங்கள் பயனர் பெயரும், அப்ஸ்ட்ரீம் வரிகளில் திட்டத்தின் பெயரும் இருக்க வேண்டும்.

பெரும்பாலான பாடங்கள் இத்தோடு நின்றுவிடும். இன்னும் இரண்டு கட்டளைகளைச் சேர்க்கச் சொல்வேன்.

ஒன்று, கிட் ஃபெட்ச் அப்ஸ்ட்ரீம் செய்துவிட்டு, கிட் பிராஞ்ச் டேஷ் டேஷ் செட் அப்ஸ்ட்ரீம் டூ (சொற்களுக்கு நடுவே ஒற்றைக் கோடு) கட்டளையால் உங்கள் மெயினை அப்ஸ்ட்ரீம் ஸ்லாஷ் மெயினோடு கட்டிவிடுங்கள். இனி மெயினில் நின்று கிட் புல் என்றால் மூலத் திட்டத்திலிருந்தே வரும். இதைச் செய்யாதவர்கள் தங்கள் பழைய ஃபோர்க்கிலிருந்தே இழுத்துவிட்டு 'எல்லாம் புதிதாக இருக்கிறது' என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு, கிட் கான்ஃபிக் புல் டாட் எஃப்எஃப் ஒன்லி. இது ஒரு காவல் மணி. தவறுதலாக மெயினில் ஒரு கமிட் போட்டுவிட்டு, அதற்குள் மூலத் திட்டமும் நகர்ந்திருந்தால், அடுத்த புல் 'முடியாது' என்று நின்றுவிடும். இந்த மணி இல்லாவிட்டால் கிட் சத்தமில்லாமல் ஒரு மெர்ஜ் கமிட்டைப் போட்டுவிடக்கூடும். உங்கள் மெயின் அன்றிலிருந்து வேறு பாதையில் போகும், அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கிளையும் அந்தக் குப்பையைச் சுமக்கும்.

மணி அடித்தால் என்ன செய்வது? பதற்றத்தில் ஃபோர்க்கையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குபவர்கள் உண்டு. தேவையே இல்லை, வரிசை தெரிந்தால் போதும். முதலில் கிட் ஸ்டேட்டஸ். கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் கமிட் செய்துவிடுங்கள். அடுத்து, நிற்கும் இடத்திலேயே கிட் பிராஞ்ச் என்று சொல்லி ஒரு புதுப்பெயர் கொடுங்கள். உங்கள் வேலை அந்தப் பெயரில் பத்திரமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கிட் ரீசெட் டேஷ் டேஷ் ஹார்ட் அப்ஸ்ட்ரீம் ஸ்லாஷ் மெயின். கடைசியாகப் புதுக் கிளைக்கு கிட் ஸ்விட்ச்.

நடுவில் உள்ள இரண்டையும் முன்பின்னாகச் செய்துவிட்டால்கூட, கமிட் ஆனவற்றை கிட் ரீஃப்ளாக் என்ற நடமாட்டப் பதிவு வழியாகத் தேடி எடுக்கலாம். கமிட் ஆகாதவற்றை எடுக்க முடியாது. இறுதியாண்டு மாணவி ஒருவர் இரண்டு இரவு எழுதிய நிரலை இந்த ஒரு ரீசெட்டில் இழந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் மேசையில் 'ஹார்ட்' என்ற சொல்லைத் தட்டும் முன் கிட் ஸ்டேட்டஸைச் சத்தமாகப் படிப்பது வழக்கம்.

5. எதையும் மாற்றாமல் ஒருமுறை ஓட்டுங்கள்

திட்டத்தைக் கட்டுங்கள், டெஸ்ட் எல்லாவற்றையும் ஓட்டுங்கள். ஒரு எழுத்துகூட மாற்றாமல்.

இந்த நிலையிலேயே சில டெஸ்ட் தோற்கலாம். உங்கள் பைத்தான் பதிப்பு வேறாக இருக்கும், ஒரு நிரலகம் விடுபட்டிருக்கும். இப்போது தெரிந்தால் அது சூழலின் பிரச்சினை. மாற்றம் செய்தபின் தெரிந்தால், உங்கள் நிரலா சூழலா என்று ஒரு நாள் முழுக்கத் தேடுவீர்கள். தோற்றவற்றின் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவும் வழிமுறையில் தவறு கண்டால் மகிழ்ச்சி அடையுங்கள். ரீட்மீயில் அந்த ஒரு வரியைத் திருத்துவதே அருமையான முதல் புல் ரிக்வெஸ்ட். முழுப் பாதையையும் சிறிய சுமையோடு ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம்.

6. சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்

திட்டத்தின் இஷ்யூக்களில் (பதிவான குறைகளில்) 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற லேபிள் உள்ளவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வேறு யாராவது எடுத்திருக்கிறார்களா, அதற்கான புல் ரிக்வெஸ்ட் ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு வரி எழுதுங்கள்: தவறு என் கணினியிலும் வருகிறது, இப்படித் திருத்த நினைக்கிறேன்.

'இதை எனக்குக் கொடுங்கள்' என்று மட்டும் எழுதினால் பலர் பதில் சொல்லமாட்டார்கள். எப்படித் திருத்தப் போகிறீர்கள் என்று எழுதினால், அந்த வழி தவறு என்றால் நீங்கள் உழைக்கும் முன்பே யாராவது சொல்லிவிடுவார்கள்.

நேரக் கணக்கையும் மனத்தில் வையுங்கள். நாம் சென்னையைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். பெர்லினைவிடக் கோடையில் 6, குளிர்காலத்தில் 7 மணி நேரம். நம் சனிக்கிழமை காலை 10 மணி கலிஃபோர்னியாவில் வெள்ளி மாலை. அங்கே அவர்கள் கணினியை மூடிவிட்டுப் போகும் வேளை. செவ்வாய்வரை பதில் வராவிட்டால் அதில் அலட்சியம் எதுவும் இல்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம்.

7. ஒரு வேலைக்கு ஒரு கிளை

மெயினில் நின்று கிட் புல். பிறகு கிட் ஸ்விட்ச் டேஷ் சி, வேலையைச் சொல்லும் ஒரு பெயர். 'டெஸ்ட்1', 'நியூ' என்று வைத்தால் ஒரு மாதம் கழித்து எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

போகிற வழியில் வேறொரு தவறு கண்ணில் பட்டால் தொடாதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு அதற்குத் தனிக் கிளை எடுங்கள். இரண்டு திருத்தம் ஒரே புல் ரிக்வெஸ்டில் இருந்தால், ஒன்றின் மீதான விவாதம் முடியும்வரை மற்றதும் காத்துக்கிடக்கும்.

8. திருத்தும்போது

முதலில் தோற்கும் ஒரு டெஸ்டை எழுதுங்கள், பிறகு திருத்துங்கள். திருத்தத்தை எழுதியபின் டெஸ்ட் எழுதினால், அந்த டெஸ்ட் உண்மையிலேயே தவறைப் பிடிக்குமா என்று உங்களுக்குத் தெரியாமலே போகும்.

எடிட்டரில் 'சேமிக்கும்போது ஒழுங்குபடுத்து' என்ற வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். ஒரு வரி மாற்றிச் சேமித்தால் அது கோப்பு முழுவதையும் தன் விருப்பப்படி அடுக்கிவிடும். விண்டோஸின் வரி முடிவுக் குறியும் அதே வேலையைச் செய்யும். கிட் டிஃப் டேஷ் டேஷ் ஸ்டாட் போட்டுப் பாருங்கள். நீங்கள் மாற்றியது 3 வரி, அது காட்டுவது 400 என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். அப்படியே அனுப்பினால் ரிவ்யூ செய்பவருக்கு அந்த 3 வரி எங்கே என்றே தெரியாது.

தமிழைக் கையாளும் திட்டங்களுக்கு இன்னும் சில தனிக் கவனங்கள் வேண்டும். ஓப்பன் தமிழ் போன்ற பைத்தான் நிரலகங்களில் கை வைக்க விரும்புபவர்கள் எங்களிடம் நிறைய வருவதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

கோப்புப் பெயர் தமிழில் இருந்தால் கிட் ஸ்டேட்டஸ் அதை எண்களாகவும் சாய்கோடுகளாகவும் காட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கிட் கான்ஃபிக் கோர் டாட் கோட்பாத் ஃபால்ஸ் என்று ஒருமுறை சொன்னால் தமிழாகவே தெரியும்.

'கொடி' என்ற சொல்லைக் கணினி இரண்டு விதமாக வைத்திருக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைத்தால் மொத்தம் 4 குறியீடுகள். அதையே ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து வைத்தால் 5. யூ.டி.எஃப்-8இல் 12 பைட், 15 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், நமக்கு இரண்டெழுத்துச் சொல். ஆனால் சமமா என்று நிரலைக் கேட்டால் இல்லை என்னும். டெஸ்ட் தோற்கிறது, கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். என்.எஃப்.சி. என்ற இயல்பாக்கத்தைச் செய்து ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

'ஔவையார்' அப்படித் தீராது. ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தைத் தட்டி எழுதியவர்கள் ஏராளம். அது வேறு எழுத்துகளாகவே இருப்பதால் இயல்பாக்கம் தொடாது. தரவில் இரண்டு வடிவமும் இருக்குமென்றால் டெஸ்டிலும் இரண்டையும் வையுங்கள். எதற்காக வைத்தீர்கள் என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்து வருபவர் எழுத்துப்பிழை என்று நினைத்துத் 'திருத்தி'விடுவார்.

பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் யூ.டி.எஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். விண்டோஸில் பழைய குறியேற்றத்தை எடுத்துக்கொண்டு தமிழ் சிதைந்துபோகும் வாய்ப்பு உண்டு. லினக்ஸில் ஓடும் தானியங்கிச் சோதனையோ பச்சை காட்டும். உங்கள் கணினியில் மட்டும் வரும் பிழைக்கு இது அடிக்கடி காரணமாகிறது.

9. கமிட்

கிட் ஆட் டாட் என்று எல்லாவற்றையும் அள்ளிப் போடாதீர்கள். ரகசியச் சாவி உள்ள 'டாட் என்வ்' கோப்பு, நூறாயிரம் கோப்புள்ள கோப்புறை எல்லாம் அப்படித்தான் உள்ளே போகின்றன. 100 மெபிபைட்டைத் தாண்டிய கோப்பை கிட்ஹப் வாங்காது. ரகசியச் சாவிகளில் சில வகைகளை மட்டுமே அது அடையாளம் கண்டு தடுக்கும், மற்றவற்றை வாங்கிக்கொள்ளும். ஒருமுறை புஷ் ஆன சாவியை அடுத்த கமிட்டில் நீக்கிப் பயனில்லை, வரலாற்றில் இருக்கும். அந்தச் சாவியையே ரத்து செய்துவிட்டு வேறொன்று எடுங்கள்.

கிட் ஆட் டேஷ் பி ('பேட்ச்' என்பதன் பி) என்றால் ஒவ்வொரு மாற்றத்தையும் காட்டி, சேர்க்கவா வேண்டாமா என்று கேட்கும். மறந்துபோன பிரின்ட் வரிகள் இங்கே சிக்கும்.

தலைப்பு வரி ஏறத்தாழ 50 எழுத்துக்குள், பிறகு ஒரு வெற்று வரி, பிறகு விளக்கம். பல திட்டங்களில் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராது என்று இங்கேயே நின்றுபோகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது மூன்றே வாக்கியம்: என்ன தவறாக இருந்தது, எதை மாற்றினேன், எப்படிச் சரிபார்த்தேன். எளிய ஆங்கிலத்தில் இந்த மூன்றும் இருந்தால் அது நல்ல விளக்கம். யாரும் நடையழகைத் தேடி அங்கே வருவதில்லை.

10. அனுப்பும் முன் ரீபேஸ்

நீங்கள் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் மூலத் திட்டமும் நகர்ந்திருக்கும். உங்கள் கிளையில் நின்று கிட் ஃபெட்ச் அப்ஸ்ட்ரீம், பிறகு கிட் ரீபேஸ் அப்ஸ்ட்ரீம் ஸ்லாஷ் மெயின். உங்கள் கமிட்கள் புதிய மெயினின் மேல் போய் உட்காரும்.

மோதல் வந்தால் கிட் நின்றுவிடும். கோப்பைத் திறந்து இரண்டு பக்கத்தையும் படித்துச் சரிசெய்து, கிட் ஆட், பிறகு கிட் ரீபேஸ் டேஷ் டேஷ் கன்டினியூ. குழப்பமாக இருந்தால் டேஷ் டேஷ் அபார்ட். தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடலாம். ஒன்றில் மட்டும் கவனம்: ரீபேஸின்போது 'அவர்ஸ்' என்று கிட் காட்டுவது மூலத் திட்டத்தின் நிரல், 'தேர்ஸ்' என்பது உங்களுடையது. பெயரை நம்பி அவர்ஸைத் தேர்ந்தெடுத்துத் தங்கள் வேலையையே அழித்தவர்கள் உண்டு.

ரீபேஸ் முடிந்ததும் டெஸ்ட் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள். மோதல் வராமலேயே நிரல் உடைந்திருக்கலாம்.

ஏற்கெனவே புஷ் செய்த கிளையை ரீபேஸ் செய்தால் சாதாரண புஷ் ஏற்காது. வெறும் ஃபோர்ஸ் போடாமல் டேஷ் டேஷ் ஃபோர்ஸ் வித் லீஸ் (நடுவே ஒற்றைக் கோடு) போடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் மெயின்டெய்னர் (திட்டத்தைப் பராமரிப்பவர்) அந்தக் கிளையில் ஏதாவது சேர்த்திருந்தால் அது நின்றுவிடும், ஃபோர்ஸ் அதை அழித்துவிடும்.

11. புல் ரிக்வெஸ்ட்

கிட் புஷ் டேஷ் யூ ஆரிஜின், பிறகு கிளையின் பெயர். கிட்ஹப் பக்கத்தில் புல் ரிக்வெஸ்ட் திறக்கும் பொத்தான் தெரியும். இடப்பக்கம் மூலத் திட்டமும் சரியான கிளையும், வலப்பக்கம் உங்கள் ஃபோர்க்கும் உங்கள் கிளையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். திட்டம் 'டெவலப்' கிளைக்குக் கேட்டிருந்தால் மெயினை மாற்றிவிடுங்கள்.

விளக்கத்தில் 'ஃபிக்ஸஸ்' என்று எழுதி இஷ்யூ எண்ணைப் போட்டால், முதன்மைக் கிளையில் மெர்ஜ் ஆகும்போது அந்த இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். மெயின்டெய்னர்கள் திருத்த அனுமதி என்ற கட்டத்தை அப்படியே விட்டுவையுங்கள். ஒரு காற்புள்ளிக்காக உங்களை எழுப்பாமல் அவர்களே சரிசெய்துகொள்வார்கள்.

'மாற்றப்பட்ட கோப்புகள்' தாவலை நீங்களே ஒருமுறை ரிவ்யூ செய்யுங்கள், வேறொருவர் எழுதியதைப் படிப்பதுபோல. எனக்கு ஒவ்வொரு முறையும் இங்கே ஏதாவது ஒன்று கிடைக்கிறது.

முதல்முறை பங்களிப்பவரின் தானியங்கிச் சோதனைகள், மெயின்டெய்னர் ஒருவர் அனுமதி தரும்வரை ஓடாமல் காத்திருப்பது வழக்கம். மூடிவிட்டு மறுபடி திறப்பதால் ஒன்றும் நகராது. ஓடிச் சிவப்பானால் லாகை (ஓட்டத்தின் பதிவை) மேலிருந்து படியுங்கள். கடைசி வரி 'தோற்றது' என்று மட்டும் சொல்லும், காரணம் முதல் பிழையில் இருக்கும்.

12. ரிவ்யூ

முதல் ரிவ்யூ பலரை வாட்டிவிடுகிறது. 'இங்கே ஏன் லூப்?' என்று மூன்று சொல்லில் கேட்டிருப்பார்கள். நம் வீட்டில், பள்ளியில், பெரியவர் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டால் அது கோபம். அங்கே அது கேள்வி மட்டுமே. ஒரு நாளில் பல புல் ரிக்வெஸ்டுகளைப் படிப்பவர் சுருக்கமாகத்தான் எழுதுவார்.

அதேபோல, மூத்தவரைப் பெயர் சொல்லி விளிக்கத் தயங்கி, 'சார்' என்று ஒவ்வொரு வரியிலும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பயனர் பெயரால் அழைப்பது அங்கே மரியாதைக் குறைவல்ல. மாற்றுக் கருத்தையும் சொல்லலாம். "நீங்கள் சொன்னபடி மாற்றினேன், ஆனால் இந்த டெஸ்ட் தோற்கிறது" என்று காரணத்தோடு எழுதினால் அதை மதிப்பார்கள். தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் தவறான நிரலே உள்ளே போய்விடும்.

ஒவ்வொரு கருத்துக்கும் பதில் எழுதுங்கள், செய்தாயிற்று என்றாவது. திருத்தங்களை அதே கிளையில் செய்து புஷ் செய்யுங்கள். புல் ரிக்வெஸ்ட் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், புதிதாக ஒன்று திறக்க வேண்டாம். ரிவ்யூ தொடங்கியபின் ரீபேஸ் செய்யலாமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். சிலர் சுத்தமான வரலாறு கேட்பார்கள், சிலர் தாங்கள் படித்த இடம் தொலைகிறது என்று வேண்டாம் என்பார்கள். கான்ட்ரிபியூட்டிங் கோப்பில் இல்லையென்றால் கேட்டுவிடுங்கள்.

13. மெர்ஜ் ஆனபின்

அன்றைக்கே இடத்தைத் துப்புரவாக்குங்கள். கிட் ஸ்விட்ச் மெயின், கிட் புல். நீங்கள் எழுதிய வரிகள் இந்த முறை மூலத் திட்டத்திலிருந்து உங்கள் மெயினுக்கு வரும். கோப்பைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.

பழைய கிளையைக் கிட் பிராஞ்ச் டேஷ் டி ('டிலீட்' என்பதன் டி) கொண்டு நீக்குங்கள். திட்டம் உங்கள் கமிட்களை ஒன்றாக்கி, அதாவது ஸ்குவாஷ் செய்து, சேர்த்திருந்தால் 'இன்னும் மெர்ஜ் ஆகவில்லை' என்று கிட் மறுக்கலாம். சேர்ந்த கமிட்டின் எண் வேறாகிவிடுவதால் அதற்கு அடையாளம் தெரியவில்லை. மெயினில் மாற்றம் இருப்பதைக் கண்ணால் உறுதிசெய்துவிட்டு, பெரிய டி போட்டு நீக்கிவிடலாம். ஃபோர்க்கில் உள்ள பிரதிக்கு கிட் புஷ் ஆரிஜின் டேஷ் டேஷ் டிலீட், பிறகு கிளையின் பெயர்.

கடைசியில் கிட் பிராஞ்ச் என்று தட்டினால் மெயின் மட்டும் தெரிய வேண்டும். தெரிந்ததும் 7ஆம் படியில், போகிற வழியில் பார்த்துக் குறித்துவைத்த அந்த இன்னொரு தவறை எடுத்து, 6ஆம் படிக்குப் போங்கள்.